தண்ணீர் குடிக்கச் சொல்கிறீர்கள், சரி. எழுந்து போக விடுவீர்களா?

எங்கள் கம்பெனியின் ஆரோக்கியத் திட்டத்தில், யார் ஒரு நாளைக்கு எத்தனை காலடி நடந்தார்கள் என்று ஆப்பில் எண்ணி ரேங்க் பட்டியல் போடுகிறார்கள். அந்தப் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டைப் பற்றி இனி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வெள்ளிக்கிழமை முழுக்க எல்லோரும் பகிர்ந்து சிரித்தாகிவிட்டது. எங்கள் டீம் பெயருக்குப் பக்கத்தில் ஆமைப் படம் ஒட்டியது யார், கேட்டதற்கு எச்.ஆர். என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். "ஜாலிக்குத்தான் போட்டோம், ஸ்போர்ட்டிவ்வா எடுத்துக்கோங்க." சரி, எடுத்துக்கொண்டேன்.

ஆனால் அதற்குக் கீழே வந்த கமெண்டுகளை ஸ்போர்ட்டிவ்வாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. "கம்பெனி நல்லது செய்தாலும் குறை சொல்ல நாலு பேர் வருவார்கள்." "ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி நடக்க முடியாதவர்கள் வாழ்க்கையில் என்ன சாதிப்பார்கள்?" இதற்கு இதயக்குறி போட்டவர்களில் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களும் உண்டு. பெயர் சொல்லப் போவதில்லை. கம்பெனி பெயரும் சொல்லப் போவதில்லை, இன்பாக்ஸில் வந்து கேட்க வேண்டாம்.

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். முதலில் நேரம் கொடுங்கள். அப்புறம் எங்கள் காலடியை எண்ணுங்கள்.

புதிதாகச் சேர்ந்த நண்பர்களுக்காக: நான் மெடிக்கல் பில்லிங்கில் இருக்கிறேன். ஏ.ஆர். காலிங். அமெரிக்காவில் ஒருவர் டாக்டரைப் பார்த்ததற்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தராமல் இழுத்தடித்தால், சென்னை ஓ.எம்.ஆரில் (அதுதான் ராஜீவ் காந்தி சாலை) ஆறாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு அந்த இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டு "ஏன் தரவில்லை" என்று கேட்பது என் வேலை. மாலை ஆறரைக்கு லாகின், அதிகாலை மூன்றரைக்கு லாகவுட். பாதி நேரம் ஹோல்டில் போகும். ஹெட்செட்டைக் கழற்ற முடியாது. எந்த நிமிடம் அந்தப் பக்கம் ஆள் வரும் என்று தெரியாது. எழுந்து நின்றால் வயர் நீளம்தான் நடைபாதை.

இந்த ஒன்பது மணி நேரத்தில் சாப்பாட்டுக்கு அரை மணி, டீக்குக் கால் மணி இரண்டு முறை. பாத்ரூம் போவதற்குத் தனிக் கணக்கு; அதற்குப் பெயர் பயோ பிரேக். சிஸ்டத்தில் அழுத்திவிட்டுப் போக வேண்டும், வந்து அழுத்த வேண்டும். நிமிடம் கூடினால் மறுநாள் ரிப்போர்ட்டில் சிவப்பாக வரும். இரண்டு முறை சிவப்பு வந்தால் டீம் லீட் கூப்பிட்டு, மிகவும் அன்பாக, "ஏதாவது பிராப்ளமா?" என்று கேட்பார். அந்த அன்பைத் தாங்க முடியாது.

இப்படிப்பட்ட ஃப்ளோரில் போன மாதம் ஆரோக்கியத் திட்டத்தின் முதல் சவால் என்ன தெரியுமா? ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர்! எல்லோருக்கும் லோகோ போட்ட பாட்டில் கொடுத்தார்கள். பாட்டில் நன்றாகத்தான் இருக்கிறது. மூன்று லிட்டரைக் குடித்தவள் எத்தனை முறை எழுந்து போக வேண்டியிருக்கும் என்று அந்த மீட்டிங்கில் ஒருவர்கூடவா யோசிக்கவில்லை? யோசித்திருக்க மாட்டார்கள். அந்த மீட்டிங்கில் இருந்தவர்கள் யாருக்கும் பயோ பிரேக் கிடையாது. அவர்கள் சும்மா எழுந்து போவார்கள்.

நாங்கள் தண்ணீர் குடிக்காததற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை. போக வேண்டியிருக்குமே என்று குடிப்பதில்லை. கேபில் ஏறினால் வீடு போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று தெரியாது, மெட்ரோ வேலையில் எந்த இடத்தில் ரோட்டைத் திருப்பி விட்டிருப்பார்கள் என்றும் தெரியாது, அதனாலும் குடிப்பதில்லை. எங்கள் வரிசையில் யூரின் இன்ஃபெக்‌ஷனுக்கு மாத்திரை சாப்பிடாத பெண் யார் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். இதைப் பொதுவில் எழுதுகிறாளே என்று முகம் சுளிப்பவர்கள் சுளித்துக்கொள்ளுங்கள். லிட்டர் கணக்கைப் பொதுவில் போட்டது நான் இல்லை.

அப்புறம், காலடி எண்ணும் அந்த ஆப். நள்ளிரவு பன்னிரண்டுக்கு நாள் முடிந்துவிட்டது என்று நினைத்துக் கணக்கைப் பூஜ்யமாக்கிவிடும். எங்களுக்கு அது ஷிப்டின் நடுப்பகுதி, டின்னர் பிரேக் முடிந்து வரும் நேரம். தூக்கத்துக்கும் மதிப்பெண் போடுகிறது. காலையில் நான் தூங்கி எழுந்தால் "நேற்றிரவு நீங்கள் தூங்கவில்லை, உடலைக் கவனியுங்கள்" என்று செய்தி வருகிறது. நன்றி அம்மா, எனக்கும் தெரியும். எங்கள் டீமில் ஒரு தம்பி கைக்குழந்தையின் தூளியில் போனைக் கட்டி ஆட்டிவிட்டு வருவான். அன்றைக்கு அவன் முதல் இருபதில் வந்தான், வாழ்த்துச் செய்திகூட வந்தது. ஏமாற்று வேலைதான், ஆனால் எதை எண்ணுகிறோம் என்றே தெரியாமல் எண்ணுபவர்களுக்கு அது போதும்.

அந்தப் பத்தாயிரம் என்ற எண் எங்கிருந்து வந்தது என்று சாதனையாளர்கள் தேடிப் பார்த்திருக்கிறீர்களா? 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த சூட்டில், 1965-இல் ஜப்பானில் ஒரு கம்பெனி இடுப்பில் மாட்டும் காலடி எண்ணும் கருவியை விற்றது. அதற்கு வைத்த பெயரின் பொருளே பத்தாயிரம் அடி மீட்டர் என்பதுதான். விற்பனைக்காக வைத்த முழு எண். 2019-இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், சராசரி வயது 72 உள்ள பெண்களை எடுத்துப் பார்த்தபோது, நடக்க நடக்க இறப்பு அபாயம் குறைந்துகொண்டே வந்து, 7,500 அடி வாக்கில் அதற்கு மேல் பெரிய மாற்றம் இல்லாமல் நின்றது. நடப்பது நல்லது, யார் இல்லை என்றது? ஆனால் விளம்பர எண்ணை வைத்து மனிதர்களுக்கு ரேங்க் போடாதீர்கள்.

இந்த ஆரோக்கியத் திட்டங்கள் பிறந்த வீடு அமெரிக்கா. அங்கே ஏன் பிறந்தது என்பது என் வேலையால் எனக்குத் தெரியும். அங்கே பெரும்பாலானோருக்கு இன்சூரன்ஸ் கொடுப்பது வேலை கொடுப்பவர். பெரிய கம்பெனிகள் பல, ஊழியரின் ஆஸ்பத்திரிச் செலவைத் தாங்களே நேரடியாகச் சுமக்கின்றன. அதனால் ஊழியர் இளைத்தால் கம்பெனிக்குப் பணம் மிச்சம் என்று ஒரு கணக்கு. 2010-இல் வந்த ஒபாமாகேர் என்ற மருத்துவக் காப்பீட்டுச் சட்டமே, ஆரோக்கிய இலக்கை எட்டும் ஊழியருக்குக் காப்பீட்டுச் செலவில் 30 சதவீதம் வரை சலுகை தரலாம் என்று இடம் கொடுத்தது.

பலன் என்ன? இல்லினாய் பல்கலைக்கழகம் 2016-இல் தன் ஊழியர்கள் சுமார் 5,000 பேரைத் திட்டம் உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்துப் பார்த்தது. மருத்துவச் செலவில் சொல்லிக்கொள்ளும் மாற்றம் இல்லை. திட்டத்தில் ஆர்வமாகச் சேர்ந்தவர்கள் ஏற்கெனவே குறைவாகச் செலவழித்து ஆரோக்கியமாக இருந்தவர்கள். பி.ஜே.ஸ் என்ற கடைக் குழுமத்தில் 160 கிளைகளில் சுமார் 33,000 பேரை வைத்து நடந்த ஆய்வு 2019-இல் வந்தது. ஒன்றரை வருடம் கழித்து, "நாங்கள் உடற்பயிற்சி செய்கிறோம்" என்று சொன்னவர்கள் கூடியிருந்தார்கள். ரத்த அழுத்தம், கொழுப்பு, எடை, லீவு, செலவு எதிலும் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. அதாவது படிவம் நிரப்புவதில் முன்னேற்றம்.

அங்கேயே இந்த லட்சணம். அதை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து, அமெரிக்கப் பகலுக்காக இரவெல்லாம் விழித்திருப்பவர்கள் தலையில் வைக்கிறார்கள்.

"மெடிக்கல் கேம்ப் நடத்தினார்களே, அதுவும் தப்பா?" என்று ஒரு அண்ணன் கேட்டிருந்தார். இல்லை அண்ணா. அதை நான் குறை சொல்லவே மாட்டேன். என் பக்கத்து சீட் பெண்ணுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை, பி.பி. இருப்பது அந்தக் கேம்பில்தான் தெரிந்தது. நல்ல விஷயம். ஆனால் அதற்குப் பிறகு டாக்டர் அவளிடம் என்ன சொன்னார் தெரியுமா? "நைட் ஷிப்டை விட முடியுமா பாருங்கள்." அவள் எழுதிக் கொடுத்தாள். "பிசினஸ் ரிக்கொயர்மென்ட்" என்று பதில் வந்தது. கூடவே யோகா கிளாஸ் லிங்க்.

அடுத்து, தனிமனிதப் பொறுப்பு. இதைச் சொல்பவர்கள் எல்லோரும் காலை ஆறு மணிக்குப் பூங்காவில் நடப்பவர்கள் என்பதை மட்டும் கவனித்து வைத்திருக்கிறேன். "மனம் இருந்தால் மார்க்கம் உண்டு" என்கிறார்கள். மார்க்கமே இல்லை சார், ராஜீவ் காந்தி சாலையில் நடைபாதை எங்கே இருக்கிறது, காட்டுங்கள், நடக்கிறேன்.

என் அப்பா பெரம்பூர் ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டர். சங்கு ஊதினால் வேலை முடிந்தது. அதற்கு மேல் அவர் நேரம் அவருடையது. நேராக மைதானத்துக்குப் போய் வாலிபால் ஆடிவிட்டு, வியர்வையோடு சைக்கிளில் வீடு வருவார். உடம்பு சரியில்லை என்றால் ரயில்வே ஆஸ்பத்திரி. அவர் எத்தனை அடி நடந்தார் என்று யாரும் கேட்டதில்லை. பீடி குடித்தாரே என்று என் அண்ணன் கமெண்டில் வந்து சொல்வான். குடித்தார், அதற்கான விலையையும் அதே ஆஸ்பத்திரியில் கொடுத்தார். நான் சொல்ல வருவது அதுவல்ல. அவருக்கு நேரம் இருந்தது. மைதானம் இருந்தது. ஆரோக்கியத் திட்டம் என்ற பெயர் மட்டும்தான் இல்லை.

நேரத்தை நீங்கள் எடுத்துக்கொண்டு, ஆரோக்கியத்தை எங்கள் பொறுப்பாக்குகிறீர்கள். வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023-இல் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி சொன்னார். 2025 தொடக்கத்தில் எல் அண்ட் டி தலைவர் 90-க்குப் போனார். வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இலேயே சொல்லியாகிவிட்டது. அது யார் காதிலும் விழவில்லை. நம் ஊரிலும் 12 மணி நேர வேலைக்கு இடம் கொடுக்கும் மசோதாவை 2023 ஏப்ரலில் சட்டசபையில் நிறைவேற்றினார்கள். சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் கத்திய கத்தலில் மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். அந்தக் கத்தலைவிட நல்ல ஆரோக்கியத் திட்டம் சமீபத்தில் எதையும் நான் பார்க்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்களுக்கு உட்கார நாற்காலி வேண்டும் என்று கேரளா 2018-இல் சட்டம் திருத்தியது, தமிழ்நாடு 2021-இல். உட்கார ஒரு ஸ்டூல்! அதற்குச் சட்டம் தேவைப்பட்டது. அவர்களுக்கு உட்கார உரிமை இல்லை, எங்களுக்கு எழுந்திருக்க உரிமை இல்லை. எங்கள் ஃப்ளோரில் மாப் போடும் அக்கா இருக்கிறார். மாடிக்கு மாடி ஏறி இறங்குகிறார். அந்த பில்டிங்கிலேயே அதிகம் நடப்பது அவர்தான். பட்டியலில் அவர் பெயர் இல்லை, ஏனென்றால் அவர் கான்ட்ராக்ட். அவருக்கு ஆப் கிடையாது, பாட்டிலும் கிடையாது. முதல் பரிசு வாங்கியவர், தனி கேபினும் வீட்டில் டிரெட்மில்லும் உள்ள ஒரு சீனியர் மேனேஜர். மேடையில் "டைம் இல்லை என்பது ஒரு சாக்கு" என்று வேறு பேசினார். கைதட்டினோம். அதுவும் ஒரு உடற்பயிற்சிதானே.

"ஒரு ஆமைப் படத்துக்கா இவ்வளவு கோபம்?" இல்லை, ஆமைக்காக இல்லை. ஆமை பாவம். கேம்ப் நடந்த அன்று பேண்ட்ரி வாசலில் எடை மெஷினை வைத்திருந்தார்கள். டீ வாங்க வருபவர்களும் எடை பார்க்க நிற்பவர்களும் ஒரே வரிசை. மெஷின் பக்கத்தில் நின்ற பையன் எண்ணைச் சத்தமாகச் சொல்லுவான், இன்னொருவன் எழுதிக்கொள்வான். என் முறை வந்தபோது பின்னால் யாரோ சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்களா என்று தெரியாது. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தைராய்டு இருக்கிறது, பிள்ளை பெற்ற உடம்பு, பல வருட நைட் ஷிப்ட், இதையெல்லாம் அந்த வரிசையில் நின்று ஒவ்வொருவருக்காக விளக்க முடியுமா? அந்தத் தாள் இப்போது யாரிடம் இருக்கிறது என்று மெயில் போட்டுக் கேட்டேன். "வெண்டரிடம் பாதுகாப்பாக உள்ளது" என்றார்கள். எந்த வெண்டர், எத்தனை நாள் வைத்திருப்பார்கள், அடுத்த வருடம் இன்சூரன்ஸ் பேசும்போது அது மேஜையில் இருக்குமா? பதில் இல்லை. அமெரிக்க நோயாளியின் பிறந்த தேதியை நான் ஒரு துண்டுச் சீட்டில் குறித்தால் அன்றே வேலை போகும். என் எடை மட்டும் டீ வரிசைக்கே தெரியலாம்.

"பிடிக்கவில்லை என்றால் வேலையை விடு" என்பவர்களுக்குப் பதில் கிடையாது. வீட்டு லோனை நீங்கள் கட்டுவதாக இருந்தால் பேசலாம்.

எங்களுக்கு ஜூம்பா வேண்டாம். பயோ பிரேக்குக்குச் சிவப்புப் போடுவதை நிறுத்துங்கள். ஷிப்டை மாற்றும்போது இரண்டு வாரம் முன்னால் சொல்லுங்கள். நடுராத்திரி கேன்டீனில் மைதாவும் எண்ணெயும் இல்லாமல் ஒரு சாப்பாடு வையுங்கள், இட்லி போதும். இதற்கு ஆப் தேவையில்லை, மோட்டிவேஷனல் ஸ்பீக்கர் தேவையில்லை, செலவும் அந்த லோகோ பாட்டிலைவிடப் பெரிதாக இருக்காது. நேரம் கொடுங்கள், நாங்களே நடந்துகொள்வோம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அடுத்த மெயில் வந்துவிட்டது. வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வெபினார், தலைப்பு "நல்ல தூக்கத்தின் அவசியம்". எல்லோரும் கட்டாயம் வர வேண்டும், கேமரா ஆனில் இருக்க வேண்டும். வெள்ளி ஷிப்ட் முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்து படுப்பதே சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு. என் டீம் பிள்ளைகளிடம் யாரும் சேர வேண்டாம், போனை அணைத்துவிட்டுத் தூங்குங்கள் என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை கேட்டால் நான் பேசிக்கொள்கிறேன்.