இடையன்குடியிலிருந்து பார்த்தால் தெரியும் கால்டுவெல்

மிஷனரியும் மொழியறிஞருமான ராபர்ட் கால்டுவெல்லைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் 1856இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தோடு தொடங்கி அதோடு முடிந்துவிடுகிறது. பேராயர் என்று அடைமொழி சேர்த்தே அவரைச் சொல்கிறோம் என்றாலும், அந்தப் பட்டம் 1877 மார்ச்சில், அவருடைய 62ஆம் வயதில்தான் வந்தது. அதுவும் சென்னைப் பேராயருக்குத் துணைப் பேராயர் என்ற அளவில். கல்கத்தாவில் அவருடன் சேர்ந்து பாளையங்கோட்டை எட்வர்ட் சார்ஜென்டும் அதே பொறுப்பில் அபிஷேகம் பெற்றார். கால்டுவெல் எஸ்.பி.ஜி., சார்ஜென்ட் சி.எம்.எஸ்.; ஒரே சீமையில் ஊழியம் செய்த இந்த இரு ஆங்கிலிகன் மிஷன் சங்கங்களுக்கும் மனத்தாங்கல் வராமலிருக்கச் செய்த ஏற்பாடாகவே எனக்கு அது படுகிறது. திருநெல்வேலி தனக்கெனப் பேராயரைக் கொண்ட தனித் திருமண்டலமானது 1896இல், அவர் மறைந்து ஐந்தாண்டுகள் கழித்து.

ஆகவே அவருடைய ஊழியத்தை அளக்க வேண்டிய இடம் திருநெல்வேலிச் சீமையின் சிற்றூரான இடையன்குடி. 1838இல் லண்டன் மிஷன் ஊழியராகச் சென்னையில் இறங்கியவர், ஆங்கிலிகன் சபையில் சேர்ந்தபின் தெற்கே நடந்தே வந்து, 1841 இறுதியில் பனையும் தேரிமணலுமான அந்த ஊரை அடைந்தார். தெருக்களை நேராக வகுத்தார், பள்ளிகள் நடத்தினார். நாகர்கோவில் மிஷனரி மால்ட்டின் மகளான அவருடைய மனைவி எலைசா, பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். 1847இல் தொடங்கிய பரிசுத்த திரித்துவ ஆலயம் 1880இல்தான் பிரதிஷ்டையானது. முப்பத்துமூன்று ஆண்டுகள் ஒரே கட்டடத்தைக் கட்டிக்கொண்டிருந்த அந்தப் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன்.

ஆனால் அவரைப் போற்றும் மேடைகளில் 1849இல் அவர் எழுதிய 'திருநெல்வேலிச் சாணார்கள்' என்ற சிறுநூலைப் பற்றி வாயே திறப்பதில்லை. பனையேறும் தொழில் செய்த, இன்று நாடார் எனப்படும் சமூகத்தாரின் அன்றைய பெயர்தான் சாணார். தம்மை நம்பி வந்த மக்களையே அறிவிலும் பண்பிலும் தாழ்ந்தவர்களாகச் சித்திரித்த நூல் அது. 1857இல் அதே சமூகத்தவரான சட்டாம்பிள்ளை மிஷனை விட்டுப் பிரிந்து தனிச்சபை கண்டதற்குப் பல காரணங்கள் உண்டு. இந்நூல் மூட்டிய சினமும் அவற்றில் ஒன்று. சொல்லுக்குச் சொல் சான்று தேடிய அதே மனிதர், பனையேறிகளைப் பற்றி எழுதும்போது தம் காலத்து ஐரோப்பிய இறுமாப்பையே சான்றாகக் கொண்டுவிட்டார். அவருடைய பணியைப் பெரிதென்று கருதும் நானே இதைச் சொல்கிறேன். காலத்தின் குறை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை, ஏனெனில் அக்காலத்திலேயே அதை எதிர்த்தவர்கள் அவருக்கு அருகிலேயே இருந்தார்கள்.

1891 ஆகஸ்ட் 28 அன்று கொடைக்கானலில் இறந்த அவரை இடையன்குடிக்கே கொண்டுவந்து அந்த ஆலயத்துக்குள் அடக்கம் செய்தார்கள். அவர் தாழ்த்தி எழுதிய மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கேதான் ஞாயிறு ஆராதனைக்கு வருகிறார்கள்.