உஷா உதுப்பின் பொட்டு யாருக்கும் பாடம் எடுக்கவில்லை

பாடகி உஷா உதுப்பின் படம் ஒன்று வாட்ஸப்பில் அடிக்கடி சுற்றுக்கு வரும். காஞ்சிபுரம் பட்டு, தலையில் பூ, கை நிறைய வளையல், நெற்றியில் அகலமான பொட்டு. கீழே, ‘கிளப்பில் பாடினாலும் பண்பாட்டை விடாதவர், இந்தக் காலத்துப் பெண்கள் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்’ என்கிற தோரணையில் ஒரு வரி. அந்த வரியைப் படித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தப் பொட்டு எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதனால்தான்.

1960களின் கடைசியில் சென்னை மவுண்ட் ரோட்டில் சஃபையர் தியேட்டர் வளாகத்தில் இருந்த நைன் ஜெம்ஸ் கிளப்பில்தான் அவர் பாட ஆரம்பித்தார். அப்போது உஷா ஐயர். மும்பையில் வளர்ந்த தமிழ்ப் பெண். கிளப் பாடகி என்றால் கவுன் போட்டிருப்பார் என்று எல்லோரும் நினைத்த காலம். இவர் புடவையும் பொட்டுமாக ஏறி ஆங்கிலப் பாட்டுப் பாடினார். கொள்கை முழக்கம் எதுவும் இல்லை. நடுத்தரக் குடும்பம், வீட்டில் கட்டுவதைக் கட்டிக்கொண்டு போனேன் என்றுதான் அவரும் சொல்லிவந்திருக்கிறார். அப்புறம் கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டில் டிரின்காஸ் உணவகத்தில் பாடினார். ஊர் அவரைப் பிடித்துக்கொண்டது, அவரும் ஊரைப் பிடித்துக்கொண்டார்.

சரி, பொட்டு வைத்ததால் மரியாதை தானாக வந்துவிட்டதா? 1980களின் தொடக்கத்தில் மேற்கு வங்க இடதுசாரி அரசின் பொதுப்பணித் துறை அமைச்சர் ஜதின் சக்ரவர்த்தி, இவர் பாடுவது ‘அபசம்ஸ்கிருதி’, அதாவது பண்பாட்டுச் சீரழிவு என்றார். அரசு அரங்கம் மறுக்கப்பட்டது. அன்றும் இதே பட்டுப்புடவைதான், இதே பொட்டுதான். இவர் நீதிமன்றம் போய் ஜெயித்தார். ஆக, அவரைக் காப்பாற்றியது வழக்குதானே தவிர குங்குமம் இல்லை. வாட்ஸப் மாமாக்கள் இந்தக் கதையை மட்டும் வசதியாக விட்டுவிடுவார்கள்.

அந்தப் பொட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். நடுவில் வங்காள எழுத்தில் ஒரு ‘க’ இருக்கும். கொல்கத்தாவின் ‘க’. மும்பையில் பிறந்த தமிழ்ப் பெண், மணந்தது கோட்டயத்து சிரியன் கிறிஸ்தவரை, நெற்றியில் இருப்பது வங்காள எழுத்து. சாதியோ மதமோ சொல்ல வேண்டிய இடத்தில் பிழைக்கப்போன ஊரின் பெயரை எழுதிவைத்துக்கொண்ட வேறொரு பிரபலம் இருந்தால் சொல்லுங்கள், எனக்குத் தெரியவில்லை. தன்னைச் சீரழிவு என்று சொன்ன அமைச்சரின் மாநிலத்து எழுத்து அது என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

கால் பக்கமும் பார்க்க வேண்டும். புடவைக்குக் கீழே ஸ்னீக்கர்ஸ்! அதுவும் காஞ்சிபுரம் பட்டுத் துணி வைத்துத் தைத்தது. மணிக்கணக்கில் மேடையில் நின்று ஆடிப் பாடுகிறவருக்கு செருப்பு சரிப்படாது, அவ்வளவுதான். பட்டுத் துணியை ஷூவுக்குப் போட்டதற்கு நம் ஆட்கள் கோபப்படாதது எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. பேட்டி எடுக்கிறவர்கள் பொட்டு, புடவை என்றே சுற்றிச் சுற்றி வருகிறார்கள். பெண் குரல் என்றால் மெல்லியதாக இருக்க வேண்டும் என்றிருந்த காலத்தில், பள்ளிக்கூடத்துப் பாட்டு வகுப்பிலேயே ஒத்துவராது என்று ஒதுக்கப்பட்ட குரல் அது. அந்தக் கனத்த குரலை வைத்துக்கொண்டு ஐம்பது வருஷத்துக்கு மேல் மேடையை ஆண்டிருக்கிறார், 2024இல் பத்மபூஷண் வாங்கியிருக்கிறார். அது எப்படி என்று கேட்க ஆளில்லை. ‘அஞ்சலி’ படத்தில் ‘வேகம் வேகம்’ பாட்டுக்கு இளையராஜா அவரைக் கூப்பிட்டார். ‘மன்மதன் அம்பு’வில் நடிக்கவும் கூப்பிட்டார்கள். அப்படி ஒரு குரலுக்குத் தமிழில் இன்னும் பத்து இருபது நல்ல பாட்டாவது கொடுத்திருக்கலாம்.