செஷயரைக் கலிங்கத்து அசோகராக்க வேண்டாம்

லெனர்ட் செஷயரைப் பற்றி யார் எழுதினாலும் கதை ஒரே தடத்தில்தான் போகிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனிமேல் குண்டு போட்ட பிரிட்டிஷ் விமானி, நாகசாகியில் அணுகுண்டு வெடித்ததைக் கண்ணால் பார்த்தார், மனம் நொறுங்கினார், மிச்ச வாழ்நாளை நோயாளிகளுக்குக் கொடுத்தார். கலிங்கப் போர் கதையைத் தூக்கி ஒரு வெள்ளைக்காரருக்கு மாட்டிவிட்ட மாதிரி. நேற்றும் அப்படி ஒரு பதிவு கண்ணில் பட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

1917-ல் பிறந்தவர், ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் படித்தவர். 1943-ல் 25 வயதிலேயே குரூப் கேப்டன், பிரிட்டிஷ் விமானப்படையில் அவ்வளவு சின்ன வயதில் அந்தப் பதவிக்கு வந்தவர் அப்போது வேறு யாரும் இல்லை. ஆனால் அந்தப் பதவியில் பறக்க விடமாட்டார்கள். அதனால் தானாகக் கேட்டு ஒரு படி இறங்கி, விங் கமாண்டராக 617-வது ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவுக்குப் போனார். ஜெர்மனியின் அணைகளை உடைத்த அதே ஸ்குவாட்ரன்.

அங்கே அவர் பிடிவாதம் பிடித்தது குறி விஷயத்தில். ராத்திரியில் எவ்வளவோ உயரத்திலிருந்து போடும் குண்டு எங்கே விழும் என்று யாருக்குத் தெரியும்? ஒருவர் தாழப் பறந்து வெளிச்சக் குண்டால் இடத்தைக் காட்ட வேண்டும், மற்றவர்கள் அதைப் பார்த்துப் போட வேண்டும் என்றார், அந்த ஒருவராகத் தானே போனார். 1944 பிப்ரவரியில் பிரான்சின் லிமோஜ் ஊர். ஜெர்மானியர் பிடியில் இருந்த விமான எஞ்சின் தொழிற்சாலை, உள்ளே இரவு வேலையில் பிரெஞ்சுக்காரர்கள், அதில் நிறையப் பெண்கள். செஷயர் கூரையை உரசுகிற மாதிரி மூன்று முறை வந்து வந்து போனார், அவர்கள் வெளியே ஓடித் தப்பட்டும் என்று. அதற்கு அப்புறம்தான் குறி போட்டார். எதிரி முழித்துக்கொள்வான் என்று தெரிந்தே செய்தது இது. நாகசாகிக்கு ஒன்றரை வருடம் முன்னால்!

அந்த வருடம் செப்டம்பரில், பிரிட்டனில் வீரத்துக்குத் தரும் மிக உயர்ந்த விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. பொதுவாக ஒரு நாள், ஒரு செயலுக்குத் தருவார்கள். இவருக்கு நான்கு வருடத்துக்கும் நூறு தாக்குதல் பயணங்களுக்கும் சேர்த்துத் தந்தார்கள்.

சரி, நாகசாகி. 1945 ஆகஸ்ட் 9, பிரிட்டன் சார்பில் பார்வையாளராகப் போனார். அவர் இருந்த விமானம் மற்ற விமானங்களோடு சேர முடியாமல் போக, வெடிப்பை வெகு தூரத்திலிருந்துதான் பார்த்தார். அந்தக் குண்டு போரைச் சீக்கிரம் முடித்து உயிர்களைக் காத்தது என்று கடைசிவரை வாதாடினார். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. ஆனாலும் அவர் சொல்லாத குற்ற உணர்ச்சியை நாமாக அவர் வாயில் திணிப்பது சரியில்லை.

அவரைத் திருப்பிய விஷயம் ரொம்பச் சின்னது. போர் முடிந்ததும் ஹாம்ப்ஷயரில் லெ கோர்ட் என்ற பெரிய வீட்டில் முன்னாள் படைவீரர்களுக்காக ஒரு குடியிருப்பு நடத்திப் பார்த்தார், கடனில் மூழ்கியது. 1948-ல் அங்கே முன்பு வேலை பார்த்த ஆர்தர் டைக்ஸ் புற்றுநோயில் சாகக் கிடந்தார், போக இடமில்லை. செஷயர் அந்தக் காலி வீட்டுக்கு அவரைக் கூட்டி வந்து, தானே சமைத்து, குளிப்பாட்டி, அவர் இறக்கும்வரை பார்த்துக்கொண்டார். எங்கள் அம்மாச்சி எட்டு மாதம் படுக்கையில் கிடந்தாள். மலம் அள்ளுவதும் படுக்கைப்புண்ணுக்கு மருந்து வைப்பதும் எப்படிப்பட்ட வேலை என்று அப்போது தெரிந்துகொண்டேன். அதனால்தான் அந்த விக்டோரியா கிராஸைவிட இந்த வீடு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அதிலிருந்து கிளைத்தவைதான் நோயாளிகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமான செஷயர் இல்லங்கள். ஐம்பதுகளில் மும்பைக்கு வந்தன, 1959-ல், அவரைப் போலவே தொண்டு இல்லங்கள் நடத்திய சூ ரைடரை அவர் மணந்ததும் மும்பையில்தான்.

இன்னொன்றையும் யாரும் எழுதுவதில்லை. அதே லெ கோர்ட்டில் வாழ்ந்த மாற்றுத்திறனாளியான பால் ஹன்ட்டும் மற்றவர்களும் அறுபதுகளில் நிர்வாகத்தோடு மோதினார்கள். எப்போது படுக்கப் போக வேண்டும் என்பதைக்கூட வேறு யாரோ தீர்மானிக்கிறார்களே என்பதுதான் கோபம். 1972-ல் ஹன்ட் கார்டியன் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார், இப்படி இல்லங்களில் ஒதுக்கிவைக்கப்பட்டவர்கள் ஒன்றுசேர வேண்டும் என்று. அதிலிருந்து பிறந்த அமைப்புதான், எங்களை முடக்குவது எங்கள் உடம்பு இல்லை, எங்களை வெளியே நிறுத்தும் சமூகம் என்று எழுதிவைத்தது. அந்தச் சண்டை செஷயர் கட்டிய வீட்டுக்குள்ளிருந்தே கிளம்பியது, அவர் உயிரோடு இருக்கும்போதே.