கண்ணைப் பார்த்துப் பேசினால் வெற்றியா?

ஆட்டிசம் உள்ள ஒருவரைப் பார்த்து "இப்ப பரவாயில்ல, நல்லா வந்துட்டார்" என்கிறோம். எதை வைத்து? கண்ணைப் பார்த்துப் பேசுகிறார், கையை உதறுவதில்லை, கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார். அதாவது, ஆட்டிசம் வெளியே தெரியவில்லை. இப்படி ஆட்டிசத்தை மறைத்துக்கொண்டு நடப்பதற்குப் பெயர் மாஸ்கிங். கண்ணைப் பார்ப்பதிலேயே கவனம் போய்விட்டால், எதிரில் இருப்பவர் சொன்னதில் பாதி மனதில் ஏறாது. நாள் முழுக்க இப்படி ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் சிலருக்குப் பேச்சே வராது. அதைத் திமிர் என்பார்கள். மாதக்கணக்கில் தொடர்ந்தால் சமைப்பது, குளிப்பது மாதிரி கைவந்த வேலைகள்கூடத் தடுமாறும். இதை வெற்றிக் கணக்கில் எழுத எனக்கு மனமில்லை.

மனநல மருத்துவர் லியோ கானர் 1943-இல் ஆட்டிசம் பற்றி எழுதிய கட்டுரையில் 11 குழந்தைகள். முதல் குழந்தை டொனால்ட் டிரிப்லெட். பின்னாளில் வங்கியில் வேலை பார்த்தார், 27 வயதில் கார் ஓட்டக் கற்றார், கோல்ஃப் ஆடினார், நாடு நாடாகச் சுற்றினார். 2023-இல் 89 வயதில் இறக்கும்வரை ஆட்டிசத்தோடுதான் இருந்தார். வங்கியில் குடும்பத்துக்குப் பங்கு இருந்தது, ஊரும் அவரை அவராகவே விட்டது. எல்லோருக்கும் இது வாய்க்காதுதான். ஆனாலும் சூழலில் கொஞ்சத்தை நாமே மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் சத்தம். (சத்தம், வெளிச்சம் தாங்க முடியாதது போன்ற புலன் சிக்கல்கள், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடான டிஎஸ்எம்-5-இல் ஆட்டிசத்துக்கான அளவுகோலில் ஏறியதே 2013-இல்தான், அதுவரை அதற்கு 'அடம்' என்றுதான் பெயர்.) நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் வாங்கிவிட்டு "பேச்சு கேக்குதே" என்று ஏமாறுபவர்கள் நிறைய. ஏசி, என்ஜின் மாதிரி சீராக வரும் தாழ்ந்த இரைச்சலைத்தான் அது நன்றாக அடக்கும். பக்கத்து மேசைப் பேச்சுக்கு ஃபோம் இயர்பிளக் மேல். அதையும் சும்மா செருகினால் பயனில்லை. மெல்லிசாக உருட்டி, மறு கையால் காதை மேலும் பின்னுமாக இழுத்து நுழைத்து, விரிந்து அடைக்கும்வரை 30 விநாடி விரலால் பிடிக்க வேண்டும். நாள் முழுக்கப் போட்டால் காது அமைதிக்குப் பழகிவிடும். கழற்றும்போது சின்னச் சத்தமும் குத்தும்.

வேலையிடத்தில் "ஆட்டிசத்தைப் புரிஞ்சுக்கங்க" என்று கேட்டால் தலையாட்டுவார்கள், ஒன்றும் மாறாது. செய்து கொடுக்கக்கூடியதாகக் கேளுங்கள். "சீக்கிரம் முடிச்சுக் குடு" என்றால் எது, எந்த வடிவில், எந்தத் தேதி எத்தனை மணிக்குள், இரண்டு வேலை மோதினால் எது முதலில் என்று எழுத்தில் வேண்டும். தராவிட்டால், "நான் புரிந்துகொண்டது இது" என்று நீங்களே இரண்டு வரி மெயில் போட்டுவிடுங்கள். தவறாக இருந்தால் உடனே திருத்துவார்கள். அவர்கள் பதில் பேசாமல் இருந்தால் பின்னால் பழி உங்கள் தலையில் விழாது.

இன்னொன்று, பலர் கவனிக்காதது: பசியும் தாகமும் சிலருக்குத் தாமதமாகத்தான் உறைக்கும். மூன்று மணிக்குப் பொங்கி வரும் எரிச்சலுக்குக் காரணம் மேனேஜர் அல்ல, காலையிலிருந்து தண்ணீர் குடிக்காததாக இருக்கலாம். போனில் அலாரம் மட்டும் போதாது. வேலையில் மூழ்கியவர் அதை அணைத்துவிட்டுத் தொடர்வார். பாட்டில் கைக்கெட்டும் இடத்தில், மூடி திறக்கச் சுலபமாக இருக்க வேண்டும்.