அயோமியின் விரல்கள்
பழைய ஹெவி மெட்டல் இசைக் குழுக்களைப் பற்றிய கட்டுரையில் பிளாக் சாபத் குழுவின் கிதார் கலைஞர் டோனி அயோமிக்கு ஒரே ஒரு வரிதானா? மனசு ஆறவில்லை. பர்மிங்ஹாமில் தகடு வெட்டும் ஆலையில் 17 வயதில், வேலையை விட்டு நிற்கவிருந்த கடைசி நாளில், வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகள் இயந்திரத்தில் போயின. இடது கைப் பழக்கம் உள்ளவர் என்பதால் கம்பியை அழுத்த வேண்டிய கையே அதுதான். ஆலையின் மேலாளர் ஜாஸ் கிதார் கலைஞர் ஜாங்கோ ராய்ன்ஹார்ட்டின் இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். இரண்டு விரல்களை வைத்தே தனி வாசிப்பு வாசித்தவர் அவர். அப்புறம் அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டார். மெல்லிய கம்பிகளுக்கு மாறினார். 1971-ல் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் சுருதி மூன்று அரைச்சுரம் (செமிடோன்) இறங்கும்படி கம்பிகளைத் தளர்த்தினார். அதில் உள்ள 'சில்ட்ரன் ஆஃப் தி கிரேவ்' பாட்டைக் கேளுங்கள், அந்தக் கனம் நெஞ்சில் இறங்கும். குழுவின் கீசர் பட்லரும் தன் பேஸ் கிதாரை அதே அளவுக்கு இறக்கினார் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2025 ஜூலை 5-ல் பர்மிங்ஹாமின் வில்லா பார்க் மைதானத்தில் குழுவின் நால்வரும் கடைசியாகச் சேர்ந்து வாசித்தார்கள். பாடகர் ஓசி ஆஸ்போர்ன் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடி பாடினார். அடுத்த 17 நாளில் போய்விட்டார். அந்தக் காட்சியை இன்னும் என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை.