வேலைநிறுத்தம் மட்டுமா காரணம்?

கனடாவின் மாண்ட்ரியல் ஒலிம்பிக் அரங்கம் 1976 போட்டிக்குள் முழுதாக முடியாததற்குத் தொழிலாளர் வேலைநிறுத்தமே காரணம் என்று அதைப் பற்றிய கட்டுரை ஒன்று முடிக்கிறது. அதுவும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வடிவமே லேசுப்பட்டதல்ல. விலா எலும்பு போல வளைந்து நீளும் 34 ராட்சத காங்கிரீட் விலாக்கள். ஒவ்வொன்றும் தனித்தனித் துண்டுகளாக வார்த்து, தூக்கி வைத்து, எபாக்சி பசையால் ஒட்டி, உள்ளே எஃகுக் கேபிள் கோத்து இறுக்கியவை.

மேம்பாலப் பணியில் இதே முறையில் செக்மென்ட், அதாவது வார்த்த துண்டுகள், ஒட்டியிருக்கிறேன். இறுக்கும்போது இணைப்பு நெடுகப் பசை பிதுங்கி வர வேண்டும். ஓரிடத்தில் வராவிட்டால் அங்கே இடைவெளி என்று அர்த்தம், வயிறு கலங்கிவிடும். பசை கெட்டியாகும் முன் எல்லாம் முடிந்தாக வேண்டும். நம் ஊர் வெயிலில் அது சீக்கிரம் இறுகிவிடும் என்பது எங்கள் கவலை. கனடா குளிரில் நேர்மாறு, இறுகவே இறுகாது. போதாக்குறைக்கு விலாக்கள் மேம்பாலம் போல நேராகவும் இல்லை.

மாண்ட்ரியல் அரங்கை வடிவமைத்த கட்டடக் கலைஞர் ரோஜே தாயிபேர், பாரிஸில் 1972-இல் திறந்த பார்க் தே பிரின்ஸ் (Parc des Princes) அரங்கையும் இப்படி முன்கூட்டியே வார்த்த விலாக்களால்தான் அமைத்தார். சரி, அங்கே 45 டிகிரி சாய்ந்த 165 மீட்டர் கோபுரம் இல்லையே! மாண்ட்ரியலில் கூரையைத் தூக்கிப் பிடிக்க வேண்டிய அந்தக் கோபுரம் போட்டி நடந்தபோது பாதியில் நின்றது, முடிந்தது 1987-இல். 1991-இல் மாண்ட்ரியல் அரங்கின் 55 டன் காங்கிரீட் பீம் ஒன்று விழுந்ததையும் கட்டுரையில் சொல்லியிருக்கலாம். யாருக்கும் அடிபடவில்லை, நல்லவேளை.