கதவோரத்து ஸ்டிக்கரையும் பாருங்கள்
பிக்கப் வண்டியின் இழுவைத் திறன் டிரெய்லரின் எடையைவிட அதிகமாக இருந்தாலே போதும் என்று இந்தக் கட்டுரை கூறுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்காவில் விற்கப்படும் பிக்கப்களில், ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எவ்வளவு எடை இருக்கலாம் என்பதை ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டிய ஸ்டிக்கரில் அச்சிட்டிருப்பார்கள். பெரும்பாலும் அந்த வரம்புதான் முதலில் தீர்ந்துபோகிறது. சாமான் ஏற்றியபின் 7,000 பவுண்டு வரும் டிரெய்லர், தன் எடையில் 10 முதல் 15 சதவீதத்தை, அதாவது 700 முதல் 1,050 பவுண்டு வரை, பிக்கப்பின் கொக்கியின்மேல் இறக்கும்; அதுவும் அந்த வரம்பில்தான் சேரும். எங்கள் பிக்கப்பின் இழுவைத் திறன் 9,000 பவுண்டைத் தாண்டினாலும் ஸ்டிக்கரில் இருந்தது 1,450 பவுண்டு மட்டுமே. நான்கு பேரையும், நாயையும், கொக்கியின்மேல் இறங்கும் எடையையும் சேர்த்ததும் வரம்பு மீறிவிட்டது. மேலே ஒரு வாசகர் சொல்வதுபோல் பின் ஸ்பிரிங்கில் காற்றுப்பை பொருத்தினால் வண்டி நிமிர்ந்து நிற்கும் என்பது உண்மைதான், ஆனால் அனுமதித்த எடை ஒரு பவுண்டுகூட உயராது.